சோஹோவில் ஒரு லாஃப்ட் விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி இது: நியூயார்க்கின் சோஹோ பகுதியில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் ஒரு சொகுசு லாஃப்ட் (பரண் இல்லை, தொழிற்சாலை மாடியையே வீடாக்கியது) விற்பனைக்கு வந்திருக்கிறது. படங்களைப் பார்த்தால் அட்டகாசமாக இருக்கிறது, சதுர அடி விலையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. வாங்கலாமா?

விலை ஏன் குறைவு என்று விளம்பரத்தின் கடைசி வரியில் இருக்கும், போய்ப் பாருங்கள். பெரும்பாலும் 'ஏ.ஐ.ஆர். தேவை' என்று ஒரு வரி இருக்கும். நம்மில் சிலருக்கு ஆகாசவாணிதான் ஞாபகம் வரும். இது வேறு. ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ். அதாவது அந்த வீட்டில் சட்டப்படி குடியிருக்க வேண்டுமென்றால், வீட்டில் ஒருவராவது கலைஞராக இருக்க வேண்டும். கலைஞர் என்று நாமே சொல்லிக்கொண்டால் போதாது, நகரத்தின் கலாசாரத் துறை சான்றிதழ் தர வேண்டும்.

நான் இருப்பது அதே நகரத்தின் குயின்ஸ் பகுதியில், ஒரு கோ-ஆப் கட்டடத்தில். குடியிருப்பவர்களே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் கட்டடம் அது. அதன் நிர்வாகக் குழுவில், அதாவது போர்டில், நாலு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அதனால் தெரிந்தவர்கள் யாராவது வீடு பார்க்கப் போனால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். 2022 கோடையில் அப்படித்தான் ஒரு தம்பதியோடு சோஹோ போனேன். வீடு 2,200 சதுர அடி, கேட்ட விலை 35 லட்சம் டாலர். லிஃப்டில் சாவியைத் திருப்பினால் கதவு நேராக வரவேற்பறையில் திறக்கிறது. பதின்மூன்று அடி உயரக் கூரை, ஒரு பக்கம் முழுக்கச் செங்கல் சுவர், ஆளுயரத்தைத் தாண்டிய ஜன்னல்கள். நண்பர் அங்கேயே மயங்கிவிட்டார். நானும்தான், மறைப்பானேன்.

அந்த உயரமும் ஜன்னலும் அழகுக்காக வைத்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் துணிக் கிடங்கும் பட்டறையும் நடத்தக் கட்டியவை அவை. மின்விளக்கு இல்லாத காலம், வேலைக்கு வெளிச்சம் வேண்டும். முகப்பை வார்ப்பிரும்பில் வார்த்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டினார்கள். கல்போலத் தெரிய அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். தூணா, சிற்ப வேலையா, எல்லாவற்றையும் வார்ப்படக்காரர்களின் கேட்டலாக்கைப் பார்த்தே ஆர்டர் செய்யலாம். சட்டைப்பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். 'கல்' தூணில் அது ஒட்டிக்கொள்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். பிராட்வேயும் புரூம் தெருவும் சேரும் முனையில் இருக்கும் ஹாவட் கட்டடத்தில்தான் 1857இல் லிஃப்ட் தயாரிப்பாளர் ஓட்டிஸ் தன் முதல் பயணிகள் லிஃப்டை மாட்டினார்.

ஆனால் இரும்பு முகப்போடு சரி. உள்ளே மர உத்தரம், மரத்தளம். அதனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகும் அடிக்கடி தீப்பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் 'நரகத்தின் நூறு ஏக்கர்'. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நடையைக் கட்ட, காலியான மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் திருட்டுத்தனமாகக் குடியேறினார்கள். பெரிய இடம், அற்ப வாடகை, சரக்கு லிஃப்ட். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1961 வாக்கில் நகரம் அவர்களோடு ஒரு சமரசத்துக்கு வந்தது: வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்றும் எந்த மாடி என்றும் பலகை வைக்க வேண்டும். தீப்பிடித்தால் மேலே ஆள் இருப்பது தெரியவேண்டுமே! அதே சமயம் நகரத்தின் சாலைகளையும் பாலங்களையும் திட்டமிட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் இந்தப் பகுதியை இடித்துக்கொண்டு போகும் ஒரு விரைவுச்சாலைத் திட்டத்தைக் கையில் வைத்திருந்தார். எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் போன்றவர்கள் ஓயாமல் எதிர்த்ததில் 1969இல் அது கைவிடப்பட்டது. 1971இல் கலைஞர்கள் மட்டும் அங்கே குடியிருந்து வேலை செய்யலாம் என்று விதி வந்தது. 1973இல் சோஹோவின் பெரும்பகுதி பாரம்பரியப் பகுதி ஆனது. சிற்பி டொனால்ட் ஜட், ஸ்பிரிங் தெரு 101ஆம் எண் கட்டடத்தை 1968இல் வாங்கினார். மொத்தம் ஐந்து மாடி, 68,000 டாலர். அந்தக் காசுக்கு இன்று அங்கே ஒரு குளியலறை கிடைத்தால் பெரிய விஷயம்.

அப்புறம் பணக்காரர்கள் வந்தார்கள், கலைஞர்கள் போனார்கள், விதி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. பல காலம் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாங்குபவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவார்: 'இந்த விதி எனக்குத் தெரியும், பிரச்சினை வந்தால் கட்டட நிர்வாகத்தை வம்புக்கு இழுக்க மாட்டேன்.' அதற்கு 'சோஹோ கடிதம்' என்றே பெயர். ஆபத்து முழுவதும் உங்கள் தலையில் என்பதுதான் அந்தக் கடிதத்தின் அர்த்தம்.

எங்களைக் கூட்டிப்போன தரகரும் இந்தக் கடிதத்தைப் பற்றித்தான் 'சும்மா ஒரு சம்பிரதாயம்' என்றார். பிறகு நண்பரின் மனைவியைப் பார்த்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர் வார இறுதியில் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், எடிசன் என்ற ஊரில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித் தருகிறார். தரகர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. நடனம் நீங்களே அமைப்பீர்களா? பிரமாதம், நடன அமைப்பும் 'கலைஞர்' என்பதன் வரையறையில் இருக்கிறதே! ரயிலில் திரும்பும்போது நண்பர், "அண்ணா, இவ சலங்கை கட்டினாத்தான் எனக்கு வீடாம்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அந்த மரத்தளத்தில் ஒரு தட்டடவு போட்டால் கீழ்வீட்டுக்காரர் போர்டுக்குப் புகார் எழுதுவார் என்பது அவருக்குத்தான் முதலில் உறைத்தது. தவிர, சான்றிதழுக்குப் பொழுதுபோக்குக் கலை போதாது. தொழில்முறையாக, தொடர்ந்து செய்வதாகக் காட்ட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 2021 டிசம்பரில் எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மண்டல விதிகளை நகரம் இந்தப் பகுதிக்கு மாற்றியது. கலைஞர் வீட்டைச் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சதுர அடிக்கு 100 டாலர் வீதம் ஒரு கலை நிதிக்குக் கட்ட வேண்டும் என்றார்கள். பழைய குடியிருப்பாளர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,20,000 டாலர். அதைக் கட்டத் தயார் என்றாலும் நீங்கள் மட்டும் நினைத்தால் நடக்காது. கோ-ஆப்பில் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கை. எந்த மாடியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் குடியிருப்புச் சான்றிதழ் கட்டடத்தின் பெயரில்தான் இருக்கும், அதை மாற்ற போர்டு மனசு வைக்க வேண்டும். போர்டு நேர்காணல் வைத்து, காரணம் சொல்லாமலே உங்களை நிராகரிக்கவும் முடியும். உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அந்த மனசு சுலபத்தில் வராது.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலை 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் 'மாளிகை வரி' கட்ட வேண்டும். 35 லட்சத்துக்கு அது ஒன்றரை சதவீதம், 52,500 டாலர். மாதப் பராமரிப்பு தனி. வெளியில் தெரியும் ஜன்னலை மாற்றவோ முகப்பின் நிறத்தை மாற்றவோ பாரம்பரியச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். நடைபாதைக்கு அடியிலும் பல கட்டடங்களுக்கு நிலவறை உண்டு. அது ஒழுக ஆரம்பித்தால் ரிப்பேர் செலவை எல்லோரும் பங்குபோட வேண்டியதுதான். படுக்கையறைகளையும் எண்ணிப் பாருங்கள். இந்த மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம், ஜன்னல் முன்னும் பின்னும்தான். நடுவில் இருக்கும் ஜன்னலில்லா அறை சட்டப்படி படுக்கையறை ஆகாது. வரைபடத்தில் அதை 'அலுவலக அறை' என்று போட்டிருந்தால் காரணம் இதுதான். வங்கிகளும் ஏ.ஐ.ஆர். வீடென்றால் கடன் தர யோசிக்கும்.

நண்பர் வாங்கவில்லை. மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் மனைக்கு முன்பணம் கொடுப்போமா? அதேபோல வீட்டை இரண்டாம் முறை பார்க்கப் போவதற்கு முன்னால் கட்டடத்தின் குடியிருப்புச் சான்றிதழை வாங்கிப் படியுங்கள், நகரத்தின் கட்டடத் துறை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் உங்கள் மாடிக்கு நேராகச் சாதாரணக் குடியிருப்பு என்று இருந்தால் மேற்கொண்டு பேசுங்கள். கலைஞர் குடியிருப்பு என்றோ தொழிற்சாலை என்றோ இருந்தால், அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், விலை குறைவாகவே தெரியாது. போர்டின் கடந்த இரண்டு மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளை உங்கள் வழக்கறிஞரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முகப்பு ரிப்பேர், நிலவறை, வழக்கு எல்லாம் அதில் வந்துவிடும். தரகர் 'எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள்' என்று சொன்னால், அதையே ஒரு மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் கேட்ட மின்னஞ்சல் இன்னும் வரவில்லை.