நாலு வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை வைக்காமல், ரீச்சர் ஒழுங்காகப் படிப்பிக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். ஆகவே இதில் நான் நடுநிலை ஆள் இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பிள்ளையின் முன்பள்ளியில் தவணைப் பரீட்சை வைத்து மார்க்ஸ் போட்டு ரிப்போர்ட் தரச்சொல்லிப் பெற்றோர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்பதில் பிழையில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியத்தான் வேண்டும். ஆனால் மார்க்ஸ் அதைச் சொல்லாது.

என் வகுப்பில் ஒரு பிள்ளை, புது ஆளைக் கண்டால் வாய் திறக்கமாட்டாள். பார்வையிட வந்த ஒருவர், "ஒண்டிலயிருந்து பத்து வரைக்கும் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவர் தாளில் ஒரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அன்றைக்குக் கஞ்சிக்குக் கோப்பை வைக்கிற முறை அவளுக்கு. பாயில் இருந்தவர்கள் முன்னால் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனவள் திரும்பி வந்து, "ரீச்சர், இன்னும் ரெண்டு வேணும்" என்றாள். சரியாக ரெண்டுதான் குறைந்தது. பத்து வரை பாட்டுப்போல ஒப்பிக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வராது.

பெரிய நாடுகளும் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. அமெரிக்காவில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில், நிலையங்கள் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று 2003இல் ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகள், வருடத்துக்கு இரண்டு தரம், எல்லோருக்கும் ஒரே கேள்வி. பார்த்தது கொஞ்சம் மொழி, எழுத்து, தொடக்கக் கணக்கு, அவ்வளவுதான். கல்வியாளர்கள் விடவில்லை; 2007இல் சட்டத்தாலேயே நிறுத்தவேண்டி வந்தது.

அப்ப என்ன செய்வது? நான் கொப்பி வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். கண்டதைத் திகதியோடு எழுதுவேன்: "கத்தரிக்கோல் கோட்டிலேயே போகிறது", "தானே செருப்புப் போட்டான்". ஒரு பையனுக்கு, "பின்னால் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன். தாயிடம் காட்டினேன், ஆஸ்பத்திரியில் பார்த்தால் காதுக்குள் சீழ். பரீட்சை வைத்திருந்தால் "கவனம் போதாது" என்று ரிப்போர்ட்டில் எழுதி முடித்திருப்போம்.

உங்கள் வீட்டிலும் இப்படியொன்று இருக்கிறது. பிள்ளை பிறந்தபோது தந்த கிளினிக் கொப்பியில் நிறைக்கோட்டை மட்டும் பார்ப்போம். எந்த வயதில் என்ன செய்யும் என்கிற வளர்ச்சிப் பக்கம் பல வீடுகளில் வெறுமையாகவே கிடக்கும். அதை நிரப்பிக்கொண்டு வாருங்கள், ரீச்சரோடு பேசுவதற்கு விஷயம் கிடைக்கும்.

தரம் ஒன்றை நினைத்துத்தான் பயம் என்றால், அரசப் பாடசாலையில் சேர்க்க வயதும் வதிவிடமும்தான் முக்கியம். சேர்கிற வருடத்து ஜனவரி 31இல் 5 வயது முடிந்திருக்க வேண்டும். புலமைப்பரிசில் தரம் ஐந்தில். அதற்கு இப்போதே ஓட்டம் தொடங்க வேண்டாம்.

பொறுப்பு என்று வந்தால் ரீச்சரோடு நிற்பாட்டிவிடாதீர்கள். முப்பது பிள்ளைகளை ஒரு ஆள் வைத்திருந்தால் யாரைக் கவனிப்பது, எதை எழுதுவது? நல்ல ரீச்சர்மார் ஏன் நின்றுபோகிறார்கள் என்றும் நிர்வாகத்தைக் கேளுங்கள். (எங்கள் கொடுப்பனவு எவ்வளவு என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்ஸ் கேட்காமல், "போன தவணைக்கும் இந்தத் தவணைக்கும் என்ட பிள்ளை எதில மாறியிருக்கு, காட்டுங்கோ" என்று கேளுங்கள். எழுதி வைத்திருக்கிற ரீச்சர் உடனே பக்கத்தைப் புரட்டுவார். "நல்லாப் படிக்கிறா" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், இன்னொரு தரம் கேளுங்கள்.