குட்டைச் சூரியகாந்தி: ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பூத்திருந்த குட்டைச் சூரியகாந்தியை 15 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது. கடைக்காரரோ நான் தண்ணீர் ஊற்றவில்லை என்கிறார். (இல்லத்தரசி, சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. சூரியகாந்தி பூத்து, விதை வைத்து, காய்ந்துபோகிற செடி. அது தெரிந்தும் முழுதாக மலர்ந்ததை விற்றுவிட்டுப் பழியை உங்கள் தலையில் போடுவது அநியாயம். அடுத்த முறை மொட்டில் மஞ்சள் எட்டிப் பார்க்கும் செடியாக எடுங்கள். பூத்ததுதான் கிடைக்கிறது என்றால் நடுவட்டத்தைப் பாருங்கள். அதிலுள்ள சிறு பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி விரியும். நடுப்பகுதி வரை விரிந்துவிட்டால் அந்தப் பூவுக்கு ஆயுள் கொஞ்சம்தான்.

கேள்வி: கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத வீட்டுக்கு இந்தச் செடியை வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் நீலக் குட்டைச் சூரியகாந்தி விதை 6 வெள்ளிக்கு வாங்கினேன். எள் அளவில் இருந்தது. முளைத்தது வெறும் புல்.

பதில்: நீலச் சூரியகாந்தி உலகத்திலேயே கிடையாது. குவாச்சி (வறுத்த சூரியகாந்தி விதை) கொறிக்காத வீடு இங்கே ஏது? சூரியகாந்தி விதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எள் அளவில் வந்தபோதே படம் எடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். 'பொருள் கிடைத்தது' என்று அழுத்திவிட்டு அப்புறம் எனக்கு எழுதி என்ன பயன்? இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும். விற்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

கேள்வி: 'குட்டை ரகம்' என்று போட்ட விதைப் பொட்டலம், 8 வெள்ளி. செடி ஆறடி வளர்ந்து சாய்ந்தது. மண்ணில் சத்து அதிகம் என்கிறார் கடைக்காரர். (செம்பனைத் தோட்டத் தொழிலாளி)

பதில்: தம்பி, அது சாக்கு. எரு கூடினால் செடி கொஞ்சம் உயரலாம். இரண்டடி ரகத்தை ஆறடியாக்கும் எரு கிடையாது.

'குட்டை' என்பது ரகத்தின் பெயரே இல்லை. எல்ஃப், பிக் ஸ்மைல் ஆகியவை ஒன்றரை அடிக்குள் நிற்கும். சன்ஸ்பாட் இரண்டடி, டெடி பேர் இரண்டிலிருந்து மூன்றடி. பொட்டலத்தில் இப்படி ஒரு பெயரும், உயரமும், காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத பொட்டலங்களைக் கடைக் கம்பியில் தொங்கவிட்டு விற்கிறார்கள், நாமும் படத்தைப் பார்த்து எடுத்து வருகிறோம்.

செடியாக விற்பதில் வேறு வேலை நடக்கிறது. பேக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி குறைக்கும் மருந்தைக் கொடுத்து உயர ரகத்தையும் குட்டையாக நிறுத்தலாம். மருந்தின் விளைவு விதைக்குப் போகாது. ஒரு நர்சரியில் 'குட்டை' என்று சொன்னதை நம்பி நானும் 20 வெள்ளிக்கு ஒரு செடி வாங்கினேன். அதன் விதையைப் போட்டேன், மதில் உயரத்துக்குப் போயிற்று. ரகம் என்ன என்று போய்க் கேட்டால் 'சூரியகாந்திதான்' என்றார்கள். மருந்து கொடுத்தால் கொடுத்ததாகச் சொல்லி விற்கட்டும், வாங்குவதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்துகொள்வோம்.

விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுவுக்கு 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் பொட்டலமும் இருக்கிறதா? இரண்டையும் கடைக்காரர் முன் வைத்துப் பணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் மனுப் போடுங்கள். எட்டு வெள்ளிதானே என்று விடாதீர்கள், அதை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

கேள்வி: 60 வெள்ளிப் பீங்கான் தொட்டி வாங்கினேன். அடியில் ஓட்டை இல்லை.

பதில்: காசு கொடுக்கும் முன் கவிழ்த்துப் பார்த்திருக்கலாமே. ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி போதும், ஒரு அடி ஆழம் இருந்தால் சரி. அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். விதையை வாளியிலேயே நேராக ஊன்றுங்கள். நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபடும்.