தவளை சைஸும் மெட்டபாலிசமும்: கேளுங்க, சொல்றேன்

கே: பெரிய தவளைக்கு மெட்டபாலிசம் அதிகமா, சின்னதுக்கா?

ப: மெட்டபாலிசம்னா உடம்பு சாப்பாட்ட எரிச்சு சக்தி எடுக்கற வேகம், அத இழுக்கற ஆக்ஸிஜன வெச்சு அளக்கறாங்க. மொத்தமா பாத்தா பெருசுதான் அதிக ஆக்ஸிஜன் இழுக்கும், ஆனா ஒரு கிராமுக்கு எவ்ளோன்னு கணக்கு போட்டா சின்னதுக்குதான் ஜாஸ்தி. 10 கிராம் தவளையையும் 100 கிராம் தவளையையும் ஒரே டெம்பரேச்சர்ல வெச்சு அளந்தா பெருசு 10 மடங்கு இழுக்காது, சுமாரா 6 மடங்குதான். டெம்பரேச்சர் சொல்லாத நம்பர மட்டும் நம்பாதீங்க, 10 டிகிரி ஏறினாலே ரேட் ரெண்டு மூணு மடங்கு ஆயிடும்.

கே: கேமரூன்ல 3 கிலோ வரைக்கும் வளருதாமே, அந்த கோலியாத் தவளை?

ப: அதுக்கும் இதேதான், கிராம் கணக்குல ரொம்ப மந்தம்.

கே: சின்ன உடம்புல சூடு சீக்கிரம் போயிடும், அத ஈடுகட்டத்தானே வேகமா எரிக்குது?

ப: எலிக்கு சொல்லுங்க, கேட்டுக்கறேன். 1883ல ரூப்னர்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி நாய்கள வெச்சு சொன்ன விளக்கம் அது. தவளை உடம்ப சூடா வெச்சுக்கறதே இல்ல, தண்ணியும் காத்தும் என்ன சூடோ கிட்டத்தட்ட அதான் அதோட சூடு. சூடுதான் காரணம்னா தவளைல இந்த கணக்கு வரவே கூடாது, ஆனா வருதே!

கே: (அதே ஆள்) அப்ப தோல் வழியா மூச்சு விடுதே, எடை ஏறற அளவுக்கு தோல் பரப்பு ஏறாதுல்ல, அதான் காரணமா?

ப: இது நல்ல கேள்வி, ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். ராத்திரி ஆண் தவளை கத்தும்போது அதே தோலும் நுரையீரலும் சும்மா இருக்கறப்ப குடுக்கறத விட பல மடங்கு ஆக்ஸிஜன் குடுக்குது, அப்ப சும்மா இருக்கறப்ப தோல்தான் தடைன்னு எப்படி சொல்றது? 1997ல வெஸ்ட், பிரவுன், என்குவிஸ்ட்னு மூணு விஞ்ஞானிங்க ரத்தக்குழாய் கிளைவிடற விதத்த வெச்சு மெட்டபாலிசம் எடையோட முக்கால் அடுக்கா ஏறும்னு (எடை 10 மடங்கானா சுமார் 5.6 மடங்கு) கணக்கு போட்டாங்க, அழகான கணக்கு, ஆனா நிஜ உயிரினங்கள அளந்தா அடுக்கு எல்லாத்துக்கும் ஒரே நம்பர்ல நிக்கறதில்ல. ஒரே காரணம் தேடறதே தப்புன்னு நான் நினைக்கறேன். தென் அமெரிக்காவுல இருக்கற டிட்டிகாக்கா ஏரி தவளைக்கு தோல் மடிப்பு மடிப்பா தொங்கும், பரப்பு எக்கச்சக்கம், ஆனாலும் அதோட மெட்டபாலிசம் ரொம்ப கம்மி.

கே: பெருசுக்குதானே மெட்டபாலிசம் அதிகம்?

ப: முதல் பதில படிங்க.

கே: என் தவளை 20 கிராம், எவ்ளோ ஆக்ஸிஜன் வேணும்?

ப: டெம்பரேச்சர் எங்க? கடைசியா எப்ப சாப்ட்டுச்சு? இரைய விழுங்கின தவளைக்கு ரேட் பல மடங்கு ஏறும், அதனாலதான் லேப்ல சில நாள் பட்டினி போட்டு அளக்கறாங்க. வீட்ல டப்பால அடைச்சு அளந்து பாக்காதீங்க, செத்துடும்.

கே: சாப்பாடு இல்லாம எது அதிக நாள் தாங்கும்?

ப: பெருசு. சேத்து வெச்ச கொழுப்பு எடைக்கு ஏத்த மாதிரி ஏறும், செலவு அந்த அளவுக்கு ஏறாது. ரெண்டும் ஒரே டெம்பரேச்சர்ல இருந்தா மட்டும்.