கடன் வாங்காதீர்கள், முதலில் தாழ்ப்பாளை மேலே மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு நாலரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச்சு இல்லை. தயிர் சாதம், பால், பிஸ்கட் தவிர எதையும் தொடமாட்டான். ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் தூங்குவதில்லை. தெருவில் சாவு மேளம் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுகிறான். "உன் மாமனாரே அஞ்சு வயசுலதான் பேசினாரு, தெரபி தெரபின்னு அலையாதே" என்கிறார் மாமியார். பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொல்கிறார் ஒருவர். ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வந்துவிடும் என்கிறார் இன்னொருவர். கணவர் ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறார். கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார். போன மாதம் கதவு திறந்திருந்தபோது பையன் மெயின் ரோடு வரைக்கும் ஓடிவிட்டான். வயிற்றில் இருந்தபோது நான் போன் அதிகம் பார்த்ததால் இப்படி ஆகிவிட்டதா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போன் பார்த்ததால் ஆட்டிசம் வராது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது, ஒரே ஒரு காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. தடுப்பூசியும் காரணமில்லை. 1998-ல் அப்படிக் கிளப்பிவிட்ட ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே ஐந்து வயதில் போடவேண்டிய ஊசியைத் தவறவிடாதீர்கள்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மெயின் ரோடு விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அதுதான். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதும், நின்ற லாரி திடீரென நகர்வதும் எப்படி என்று உங்கள் கணவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன் பம்பருக்குக் கீழே நிற்கும் குழந்தை தெரியாது. இன்னொரு பக்கம் கடல். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு. வீட்டை விட்டு ஓடும் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது உலகெங்கும் மருத்துவர்கள் அஞ்சும் விஷயம்.

இன்றைக்கே கதவுக்கு மேல், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடித்துவிடுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற பிள்ளை என்றால் நாற்காலியைக் கதவருகே வைக்காதீர்கள். கதவில் ஒரு சின்ன மணி கட்டுங்கள். உங்கள் போன் நம்பரை எழுதிய வளையத்தைக் கையில் மாட்டுங்கள், கையில் தங்காவிட்டால் நம்பரைச் சட்டை உள்பக்கத்தில் தைத்துவிடுங்கள். அடுத்ததாக, கூச்சப்படாமல் தெருவிடம் சொல்லுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன்கள், முனை டீக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், எதிர்வீட்டு அக்கா எல்லோருக்கும் அவன் முகம் தெரியட்டும். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான், தனியா வந்தா கையைப் பிடிச்சு நிறுத்தி எனக்கு ஒரு போன் போடுங்க" என்றால் போதும். நம் பக்கத்துத் தெருக்களில் எப்போதும் யாராவது வெளியே உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அடையாறு, அண்ணா நகர் அடுக்குமாடிகளைவிட உங்களுக்கு வசதி அதிகம் என்றே நினைக்கிறேன்.

அடுத்து சாப்பாடு. தூக்கமும் தலை முட்டுவதும்கூட இதோடு சேர்ந்திருக்கலாம். எப்படி என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடாத பிள்ளைக்குப் பாலாவது போகட்டும் என்று பல வீடுகளில் ஒரு லிட்டர் வரை இறங்குகிறது. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. போதாக்குறைக்கு வயிற்றை நிரப்பி மற்ற பசியையும் கொன்றுவிடும். இரும்புச் சத்து குறைந்த குழந்தை இரவில் கால்களை உதைத்துக்கொண்டு புரளும், தூக்கம் கெடும், பகலில் எரிச்சல் கூடும். பால், பிஸ்கட், தயிர் சாதம் என்றே ஓடினால் மலச்சிக்கலும் வரும். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை அதை எப்படித்தான் காட்டும்? சுவரில் முட்டலாம், கையைக் கடிக்கலாம். எனவே குழந்தை மருத்துவரிடம் போய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும், வயிற்றைத் தொட்டுப் பார்த்து மலச்சிக்கல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும், காதையும் பல்லையும் பார்க்க வேண்டும். ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா என்ற செவித்திறன் பரிசோதனையைச் செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள். சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறானே, பிறகு எதற்கு என்று தோன்றும். சில ஒலிகள் மட்டும் கேட்காமல் போகும் குறைபாடு உண்டு, பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

பாலை நிறுத்தச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். பால், கோதுமை இல்லாத உணவால் ஆட்டிசம் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூன்றே பொருள் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து அந்த மூன்றையும் பிடுங்கினால் புரதமும் கால்சியமும் எங்கிருந்து வரும்? பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அவ்வளவு போதும்.

புதுச் சாப்பாட்டைப் பழகவைக்க அவன் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட நிறத்திலும் மென்மையிலும் இருந்து நகர வேண்டும். வெள்ளையாக, குழைவாக இருந்தால் அவனுக்குப் பயமில்லை. அப்படியானால் இட்லி, ஆப்பத்தின் நடுப்பகுதி, இடியாப்பம், முட்டையின் வெள்ளைக்கரு, முள் எடுத்த மீனின் வெள்ளைச் சதை என்று அடுத்த படிகள் இருக்கின்றன. காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீன் சாப்பிடாத பிள்ளையா என்று அவன் ஆயா, அதாவது உங்கள் மாமியார், புலம்புவார், புலம்பட்டும். தனித் தட்டில் ஒரு விரல்நுனி அளவு வையுங்கள். ஊட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள். தொட்டால், முகர்ந்தால், தூக்கி எறிந்தால்கூட அந்த வேளைக்கு அது போதும். ஒரே பொருளைப் பத்துப் பதினைந்து தடவை, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேல், கண்ணில் காட்டிய பிறகுதான் வாய்க்குள் போகும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மருந்தையோ பருப்பையோ தயிர் சாதத்துக்குள் ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் தயிர் சாதத்தையும் விட்டுவிடுவான். அதற்கப்புறம் நீங்களும் நானும் என்ன செய்வது?

சாவு மேளத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் சாவு என்றால் மேளம், வெடி, பூ, ஆட்டம் எல்லாம் உண்டு. போய் நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது அந்த வீட்டின் துக்கம். ஆனால் ஒரு வசதி இருக்கிறது. எப்போது எடுக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே அவனை அழைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி உறவினர் வீட்டுக்கோ, மெட்ரோவில் விம்கோ நகர் வரை ஒரு சுற்றோ போய்விடுங்கள். கூட்டமில்லாத நேர மெட்ரோ பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகிறது. கதவு மூடுவதும் அறிவிப்பு வருவதும் மாறாத ஒழுங்கில் நடப்பதாலோ என்னவோ!

வெளியே போக முடியாத நாளுக்கு, தொழிற்சாலையில் காதுக்குப் போடும் பெரிய மூடி, இயர் மஃப் என்பார்கள், குழந்தை அளவில் ஒன்று வாங்கி வையுங்கள். சத்தமில்லாத நேரத்திலேயே விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள். காது அந்த அமைதிக்குப் பழகி, சின்னச் சத்தமும் தாங்காமல் போகும். வீட்டில் ஒரு மூலையை அவனுக்கு ஒதுக்குங்கள். ஒற்றை அறை வீட்டில் எங்கே மூலை என்று கேட்பீர்கள். கட்டிலுக்கு அடியில் பழைய புடவையைத் தொங்கவிட்டு உள்ளே ஒரு தலையணை போட்டால் அதுவே இடம். தலையை முட்டும்போது திட்டவோ, அறிவுரை சொல்லவோ வேண்டாம், அந்த நேரத்தில் எந்தப் பேச்சும் அவனுக்குக் கூடுதல் சத்தம்தான். தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையை வைத்துவிட்டு, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். சத்தமே இல்லாத நாளிலும் முட்டினாலோ, வாந்தி, மயக்கம், வலிப்பு போல ஏதாவது வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தூக்கத்துக்குக் காலையில்தான் வேலை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஏழு மணிக்கு எழுப்புங்கள், மத்தியானம் மூன்றுக்கு மேல் தூங்கவிடாதீர்கள், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனும் டிவியும் அணையட்டும். கணவர் ராத்திரி டூட்டி முடிந்து வந்ததும் விளக்கைப் போட்டு டிவியை வைத்தால் எல்லாம் வீண். அவருக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு சின்ன விளக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்கும் மசியாவிட்டால் மெலடோனின் என்ற மருந்து உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். ஆட்டிசத்தையே மாற்றும் மருந்து எதுவும் கிடையாது.

ஸ்டெம் செல், அதாவது மூல உயிரணுக்களை உடம்பில் ஏற்றும் சிகிச்சை, அதற்குக் கடன் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் ஸ்டெம் செல்லுக்கு அனுமதி உள்ள நோய்களில் ஆட்டிசம் இல்லை. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்கிறவர்களைப் பற்றி என் கருத்தை அச்சில் எழுத முடியாது.

பேச்சுக்குச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். அவன் தினமும் கேட்கும் ஐந்தாறு பொருளை, அவனுடைய டம்ளர், அவனுடைய பிஸ்கட் பாக்கெட், செருப்பு என்று உங்கள் போனிலேயே படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். உங்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது அந்தப் படத்தை அவன் கையில் கொடுத்து, உங்களிடம் நீட்ட வையுங்கள். நீட்டியதும் பொருளின் பெயரை ஒரே சொல்லில் சொல்லி உடனே கொடுங்கள். படம் பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள், அப்படி நடப்பதில்லை. தெரபிஸ்ட்டிடம் ஒவ்வொரு முறையும், "இந்த வாரம் வீட்டில் ஒன்றே ஒன்று செய்ய வேண்டுமென்றால் என்ன?" என்று கேளுங்கள். பத்து வேலை கொடுத்தால் ஒன்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் அவனுக்கு அம்மா, இருபத்து நாலு மணி நேர தெரபிஸ்ட் ஆக வேண்டாம்.

மாமியாரை எதிர்த்துப் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மாமனார் உண்மையிலேயே தாமதமாகப் பேசியிருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் திரும்பினாரா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டினாரா, மற்ற பிள்ளைகளோடு ஓடி விளையாடினாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் அவருக்கே தெரிந்துவிடும். ஒரு வேலையையும் அவரிடம் ஒப்படையுங்கள்: ராத்திரி ஒன்பதுக்கு முகம் கழுவி, எண்ணெய் தொட்டுக் கால் பிடித்துவிட்டு, தினமும் ஒரே பாட்டைப் பாடிப் படுக்கவைப்பது. ஆயாவைவிட அதைப் பொறுமையாகச் செய்ய ஆளில்லை.

பணத்துக்கு: எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் வளர்ச்சிக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைக் கேளுங்கள். அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் தெரபிக்குக் கட்டணம் கிடையாது. மாற்றுத்திறனாளி சான்றுக்கும், யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது. அந்தச் சான்று இருந்தால் நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், தெரபியும் அதில் அடங்கும். இவனை எடுக்க முடியாது என்று பள்ளி சொன்னால் அதே சட்டத்தைக் காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவென்று வந்து சிரப் கொடுத்தால், பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பல்லில் கறை படியும். பயப்பட வேண்டாம், கொடுத்ததும் வாயைத் துடைத்துவிட்டால் போதும்.