ரஷ் வாரத்துக்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவியர் சங்கங்களுக்குச் சோராரிட்டி என்று பெயர். அவை புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்களைத்தான் ரஷ் என்கிறார்கள். மலேசியாவிலிருந்து மகளை அங்கே அனுப்பும் பெற்றோரும் போகவிருக்கும் மாணவிகளும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகள் இங்கே இரண்டு ஆண்டு அமெரிக்கப் பட்டப்படிப்பு மாற்றுத் திட்டத்தில் படித்துவிட்டு, வரும் ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்கிறாள். டிக்டாக்கில் ரஷ் காணொளிகளைப் பார்த்துத் தானும் சேர வேண்டும் என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது? – ஒரு தாய், செந்தூல்

முதலில் நாள்காட்டியை எடுங்கள் அம்மா, உடையெல்லாம் பிறகு. அலபாமாவில் வகுப்பு தொடங்கும் முன்பே ஆகஸ்டில் ரஷ் முடிந்துவிடும். பதிவு அதற்கு வெகு முன்னதாகவே இணையத்தில் மூடப்படும். பதிவுக் கட்டணம் சில நூறு டாலர். கட்டினால் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சேர்க்கைப் படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள்களுக்கு மேல் முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. ரஷ்ஷுக்கு அந்த 30 நாள் போதும். ஆனால் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் தேதி தள்ளிப்போனால், அவள் போய் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டாய அறிமுக நிகழ்ச்சியும் பல இடங்களில் இதே வாரத்தில் வரும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும், ரஷ்ஷை நடத்தும் சோராரிட்டிக் கூட்டமைப்பான பான்ஹெலனிக்கின் அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பி, எந்த நாளில் எது மோதுகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அவள் மூன்றாம் ஆண்டு மாணவி என்பது. இங்கிருந்து போகும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நான்கு ஆண்டு சந்தா கட்டி, நான்கு ஆண்டு பொறுப்பெடுத்து உழைக்கும் முதலாண்டு மாணவியையே சங்கம் விரும்பும். உங்கள் மகளிடம் மீதமிருப்பது இரண்டே ஆண்டு. அலபாமா போன்ற தென் மாநிலங்களின் பெரிய வளாகங்களில் இது மிகவும் கனமாக விழும். சில வளாகங்கள் மூத்த மாணவிகளுக்கென்று தனி ஒதுக்கீடு வைத்திருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தின் பான்ஹெலனிக் அலுவலகத்திடம், "மூத்த மாணவிகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டா?" என்று நேரடியாகவே கேளுங்கள்.

மதிப்பெண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே படித்த பாடங்களின் கிரெடிட் அங்கே ஏறினாலும், ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண் புள்ளி ஏறாமல் வெறுமையாக நிற்கலாம். பதிவுப் படிவமோ ஜி.பி.ஏ. கேட்கும். ஆகவே இங்குள்ள கல்லூரியிலிருந்து நான்கு புள்ளி அளவில் கணக்கிட்ட அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலைப் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சுற்றுகள். முதல் சுற்றில் எல்லாச் சங்கங்களின் வீடுகளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறுகிய பேச்சுதான். வாசலில் கைதட்டிப் பாடி வரவேற்பார்கள். உள்ளே போனதும் ஒருத்தி பேசிக்கொண்டிருக்க, சில நிமிடத்தில் இன்னொருத்தி வந்து அந்த இடத்தைப் பிடிப்பாள். இந்த இரைச்சலில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு, கேட்டதற்கு மட்டும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு மரியாதையாக அமைதி காப்பது. நம் வீட்டில் அது அடக்கம். தெற்கத்திய வரவேற்பறையில் அது ஆர்வமின்மையாகப் படும். பதில் சொன்ன கையோடு ஒரு கேள்வியையும் திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறைந்து, கடைசிச் சுற்றில் பெரும்பாலும் இரண்டே மிஞ்சும்.

முன்னாள் உறுப்பினர்களின் பரிந்துரைக் கடிதம் ஒரு காலத்தில் தெற்கில் ஏறக்குறைய கட்டாயமாகவே இருந்தது. இப்போது பல தேசியச் சங்கங்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டன. கடிதம் தேடி அலைய வேண்டாம். ரஷ் ஆலோசகர் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பவர்களுக்குப் பணமும் கட்ட வேண்டாம்.

என் மகள் போவது நியூயார்க் மாநிலத்தின் கார்னெல். அங்கே ஆகஸ்டில் எதுவுமே இல்லை என்கிறாள். ஒரே நாட்டில் ஏன் இத்தனை வேறுபாடு? – ஒரு தந்தை, பங்சார்

கார்னெலில் ரஷ் ஜனவரியில் நடக்கும். முதல் பருவத்தைப் படித்து முடித்து மதிப்பெண் வாங்கிய பிறகே மாணவி சேர முடியும். இப்படித் தள்ளிவைப்பதை வடகிழக்கில் பல நிர்வாகங்கள் விரும்புகின்றன. அங்கே சில கல்லூரிகள் இந்தச் சங்கங்களை அடியோடு ஒழித்தும் விட்டன. மேற்கிலும் மத்திய மேற்கிலும் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை எந்த மாதத்திலும் வரலாம், உடையும் பேச்சும் சற்றுத் தளர்வாக இருக்கும்.

தெற்கின் கதை வேறு. இன்றைய சோராரிட்டிகளின் முன்னோடிகள் இரண்டும் ஜார்ஜியா மாநிலத்து மேக்கனில், வெஸ்லியன் கல்லூரியில் 1851-லும் 1852-லும் தொடங்கியவை. பாட்டி, அம்மா, மகள் என்று ஒரே சங்கத்தில் வரும் குடும்பங்கள் அங்கே ஏராளம். தேவாலயம், சனிக்கிழமை கால்பந்து, ஊர்ப் பெண்கள் சங்கம், பிறகு வேலை, திருமணம் என்று எல்லாமே இந்த உறவுகளின் வழியாக ஓடுகின்றன. அதனால்தான் பதினெட்டு வயதுப் பெண்ணின் ஒரு வாரத்தை ஊரே கவனிக்கிறது. அலபாமாவில் சில சங்கங்களில் நானூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முடிவு நாளில் பெண்கள் பிரையன்ட்-டென்னி மைதானத்தில் அழைப்பு உள்ள உறையைப் பிரித்துவிட்டுத் தங்கள் சங்க வீட்டை நோக்கி ஓடுவார்கள்.

இதே வேரில்தான் கசப்பும் இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகம் இனப்பிரிவினையைக் கைவிட்டது 1963-இல். 2013-இல்கூட, நல்ல தகுதியுள்ள கறுப்பின மாணவியைச் சங்கத்தில் சேர்க்க முன்னாள் உறுப்பினர்கள் தடை போட்டதாக மாணவர் நாளிதழ் வெளிப்படுத்தியது. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே கதவு திறந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டதும் அந்த நாட்டு வரலாறுதான். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-இல் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, கறுப்பினப் பெண்களின் முதல் சோராரிட்டி. கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். யூதப் பெண்களுக்கு 1909-இலும் கத்தோலிக்கப் பெண்களுக்கு 1912-இலும் தனிச் சங்கங்கள் தோன்றின.

இது பெண் பார்க்கும் படலம் மாதிரி இருக்கிறதே! வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளை உடைந்துபோவாளே? – வாசகி, பிறை

ஒப்பீடு பொருத்தமானதுதான் அம்மா. ஆனால் ரஷ்ஷில் பெண்ணும் வீடுகளை வரிசைப்படுத்தித் தருகிறாள். இரண்டு பக்கத்துப் பட்டியலையும் கணினி பொருத்துகிறது. மாணவிகள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள், காரணம் யாருக்கும் சொல்லப்படாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் குடியிருப்புக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்யலாம். ரஷ்ஷில் அதற்கு இடமே இல்லை. பெற்றோர் தொலைபேசியில் அழைத்தால் மகளுக்குத்தான் கெட்ட பெயர்.

எண்ணிக்கையைப் புரிந்துகொண்டால் வலி கொஞ்சம் குறையும். முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை பேரை அழைக்கலாம் என்று சங்கத்துக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். எல்லோரும் விரும்பும் வீடு முதல் சுற்றிலேயே பெருந்தொகையானவர்களைக் கழித்தாக வேண்டும். இருபது நிமிடப் பேச்சில் நூற்றுக்கணக்கானவர்களைக் கழித்த கணக்கு அது, உங்கள் பிள்ளையின் குணத்துக்குப் போட்ட மதிப்பெண் இல்லை.

கடைசி இரவில் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் மட்டும் மிகக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். அவள் பட்டியலில் எழுதிய சங்கம் அவளை அழைத்து, அவள் மறுத்தால், அடுத்த ஆண்டு ரஷ் வரும்வரை அதே கூட்டமைப்பின் வேறு எந்தச் சங்கத்திலும் அந்த வளாகத்தில் சேர முடியாது. தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற அந்தக் கூட்டமைப்பின் சங்கங்கள் அத்தனைக்கும் இந்த விதி பொது. போக மனமில்லாத வீட்டை எழுதக் கூடாது. இரண்டிலும் மனம் இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதி அது பொருந்தாமல் போனால் கை வெறுமையாகிவிடும். அப்படி நேர்ந்தாலும், இடம் காலியுள்ள சங்கங்கள் பருவத்தின் நடுவில் ஆரவாரமின்றி ஆள் சேர்க்கும். மூன்றாம் ஆண்டில் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த வழியே எளிது என்பது எங்கள் கருத்து.

நான் டெக்சாஸ் போகிறேன். இந்தியப் பெண்களுக்கென்று சோராரிட்டி இருக்கிறதாமே? – மாணவி, ஜார்ஜ்டவுன்

இருக்கிறது தங்கச்சி. தெற்காசியப் பண்பாட்டை மையமாகக் கொண்ட டெல்டா ஃபை ஒமேகா 1998-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலும், கப்பா ஃபை காமா அதே ஆண்டு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் தொடங்கின. ஆகஸ்ட் ஆரவாரம் இவற்றில் கிடையாது. பருவம் தொடங்கிய பிறகு சில மாலைகள் அறிமுக நிகழ்ச்சி, பிறகு விண்ணப்பம், நேர்காணல், பல வாரப் பயிற்சி, கடைசியில் பொதுமேடையில் அறிமுகம் என்று போகும். கிளைகள் சிறியவை, பெரிய மாளிகை கிடையாது, செலவும் குறைவு. தீபாவளி விழாவுக்குக் கோலம் போட ஆள் தேடுகிறவர்களும் இவர்கள்தான். பெரும்பாலானோர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதை மட்டும் நினைவில் வை. பினாங்குத் தமிழ் அவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

எந்தச் சங்கமானாலும் ஹேஸிங் என்ற கொடுமை நுழையலாம். இங்கே ராகிங் என்போமே, அதுதான். தூங்கவிடாமல் இரவில் அழைப்பது, கைப்பேசியை வாங்கி வைப்பது, "யாரிடமும் சொல்லாதே" என்பது, குடிக்க வைப்பது, இவற்றில் ஒன்று நடந்தாலே விலகிவிடு. 21 வயதுக்குக் கீழே குடிப்பது அங்கே சட்ட மீறல், காவல்துறைப் பதிவு உன் விசாவையே தொடலாம். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம், ஹேஸிங் சம்பவங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையைத் தேடிப் படி.

பொட்டு வைக்கலாமா? சைவ உணவு கிடைக்குமா? – பட்டர்வொர்த் வாசகி

தாராளமாக வைக்கலாம். எந்தத் தேவாலயம் என்று கேட்டால் எந்தக் கோயில் என்று சொல்லலாம். சேலை மட்டும் வேண்டாம், கோலாலம்பூர் வெயிலுக்குக் குறையாத ஆகஸ்ட் வெயிலில் வீடு வீடாக நடக்க வேண்டியிருக்கும். கடைசிச் சுற்றுக்கு நல்ல சல்வார் போதும். உணவைப் பற்றி, சேரும் முன்பே சங்க வீட்டுச் சமையல்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. முட்டையும் கோழிச் சாறும் சைவத்தில் சேராது என்பதையும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

மகளுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது. செலவு எவ்வளவு ஆகும்? – தந்தை, பிரிக்ஃபீல்ட்ஸ்

அலபாமாவில் சங்க வீட்டில் தங்காதவருக்கே ஒரு பருவத்துக்கு சுமார் 4,000 டாலர் ஆகும், அங்கே சாப்பிடும் உணவும் அதில் அடங்கும். தங்கினால் ஏறக்குறைய இரட்டிப்பு. வேறு இடங்களில் சில நூறிலேயே முடிவதும் உண்டு. முதல் பருவத்தில் சேர்க்கைக் கட்டணம், பதக்கம், கட்டட நிதி என்று கூடுதலாக வரும். உபகாரச் சம்பளம் இதற்குக் கொடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பருவ நேரத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஆனால் அந்தச் சம்பளத்தில் இது அடங்காது. கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எந்த ஆண்டு கட்டாயம் வீட்டில் தங்க வேண்டும், இடையில் விலகினால் வீட்டு வாடகையில் எவ்வளவு கட்ட வேண்டும், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு.