கோவாக்காரரின் பாட்டுப் புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குவைத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் கோவாக்காரர், சால்செட் பக்கம். போன மாதம் போர்ச்சுகல் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு லிஸ்பன் போய்விட்டார். 450 வருடம் அடிமையாக வைத்திருந்தவனின் பாஸ்போர்ட்டை வாங்க எப்படி மனம் வருகிறது? இது துரோகம் இல்லையா? நல்ல மனிதர்தான். ஆனால் அவர்களுக்கென்று தனிப் பண்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெயர், பாட்டு, சாப்பாடு எல்லாம் வெள்ளைக்காரனுடையது. மொழிக்கு எழுத்துகூட இல்லை, ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் ஏதோ நாடகம் என்று கிளம்பிவிடுவார். என்னையும் கூப்பிடுவார், நான் போனதில்லை. போகும்போது அந்த நாடகப் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களுடைய முந்திரிச் சாராயமான ஃபெனி உடம்புக்கு நல்லதா என்றும் சொல்லுங்கள்.

முருகேசன், குவைத்

அன்புள்ள முருகேசன்,

ஃபெனியை விடுங்கள். பாஸ்போர்ட்டை முதலில் முடித்துவிடுகிறேன். போர்ச்சுகல் வசமிருந்த கோவாவை இந்தியா எடுத்துக்கொண்ட 1961 டிசம்பர் 19க்கு முன் அங்கே பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போர்ச்சுகல் குடியுரிமை கேட்க அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. லிஸ்பனில் பிறப்பைப் பதிய வேண்டும், இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதற்கு முன்னால் இப்படிப் போனவர்களால் இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்தில் பெரிய கோவாக் குடியிருப்பே உண்டானது. குவைத்தில் நீங்கள் எத்தனை வருடம் உழைத்தாலும், வேலை முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். குழந்தைகளோடு ஒரே இடத்தில் இருந்து சம்பாதிக்க உங்களுக்கு ஒரு வழி திறந்தால் போக மாட்டீர்களா? துரோகம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக எடுக்காதீர்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது அந்தக் கேள்வி இல்லை. "என்னையும் கூப்பிடுவார், நான் போனதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். ஆறு வருடம் ஒரே அறை, ஒரே குளியலறை, ஒரே அடுப்பு. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமைகூடவா உங்களுக்குக் கிடைக்கவில்லை? அப்புறம் அவர்களுக்குப் பண்பாடு இருப்பதாகத் தெரியவில்லை என்கிறீர்கள். அது உங்கள் கட்டிலுக்கு மூன்றடி தள்ளித்தான் இருந்தது.

பெயரையும் சாப்பாட்டையும் பற்றி நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி என்று தினமும் போர்ச்சுகீசியம் பேசுகிறவர்கள் நாமும். ஆனால் எழுத்து விஷயத்தை விட முடியாது.

1988இல் எனக்கு 23 வயது. பம்பாயில், கல்பாதேவியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தோபி தலாவ் முனையில் ஓர் இரானி கடையில் டீ குடிப்பேன். அங்கே வழக்கமாக வரும் கோவாக் கிழவர் ஒருவரோடு பழக்கமானது. 31 வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலுக்குப் போகிறவனை கோவாவின் மொழியான கொங்கணியில் தார்வொட்டி என்பார்கள். ஒருநாள் அவர் தங்கியிருந்த 'கூட்'டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கொங்கணியில் அறை என்று பொருள். என் காதில் நம் 'கூடு' போலத்தான் விழுந்தது.

மர மாடிப்படி ஏறினால் ஒரு நீளமான கூடம். கட்டில் கிடையாது, பாய்தான். சுவரோரம் வரிசையாக டிரங்குப் பெட்டிகள். ஒரு முனையில் மாதா பீடம், விளக்கு. கோவாவில் பல ஊர்கள் பம்பாயில் இப்படி ஒரு கூட் வைத்திருந்தன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்த ஊர்க்காரன் கப்பலுக்குக் காத்திருக்கும்போதும், கப்பலிலிருந்து இறங்கியதும் சொற்ப வாடகையில் தங்கலாம். இரவு ஜெபமாலைக்கு மட்டும் எல்லோரும் முட்டி போட்டாக வேண்டும். ஊரில் புனிதர் திருவிழா நடக்கும்போது கூட்டிலும் நடக்கும். சாதி பார்த்துப் பிரிந்த கூட்களும் இருந்தன. அதையும் சொல்ல வேண்டும்.

கிழவர் தன் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு சட்டை, ஒரு வயலின் வில் (வயலின் இல்லை), அப்புறம் காகிதம், பெட்டி நிறையக் காகிதம். மனைவி எழுதிய கடிதங்கள், கொங்கணி வாரப் பத்திரிகைகள், கப்பலில் படிக்க வாங்கிய சின்னச் சின்ன நாவல்கள், தியாத்ர் என்ற கொங்கணி மேடை நாடகத்தின் பாட்டுப் புத்தகங்கள். எல்லாம் ரோமன் எழுத்தில், நீங்கள் ஆங்கில எழுத்து என்கிறீர்களே, அதில். படிக்கத் தெரியாத தோழர்களுக்கு ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் இவர் உரக்க வாசிப்பாராம். 1955இல் இந்தியா கோவா எல்லையை மூடியது. அந்தக் கெடுபிடியில் இவருடைய அம்மா செத்ததற்குப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில்தான் அந்த அடக்கத்தைப் பார்த்தார். அந்தக் கடிதத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் அழுதேன்.

1961 டிசம்பரில் இவருடைய கப்பல் மொம்பாசாவில் நின்றிருந்தது. போர்ச்சுகல் பிரஜையாகக் கப்பலேறியவர் இந்தியராக ஊர் திரும்பினார். அவரை யாரும் கேட்டு மாற்றவில்லை. பெட்டி மூடியில் பெயின்டால் எழுதியிருந்த ஊர்ப்பெயரைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார். அது 1938இல் எழுதியதாம்.

இப்போது கேளுங்கள். கொங்கணிக்கு எழுத்து ஐந்து. தேவநாகரி, ரோமன், கன்னடம், மலையாளம், அரபி. போர்ச்சுகீசியரின் மதமாற்றத்துக்கும், மதம் தவறியவர்களைத் தண்டித்த அவர்களுடைய விசாரணை மன்றத்துக்கும் பயந்து மங்களூருக்கும் கொச்சிக்கும் ஓடியவர்கள் போன இடத்து எழுத்தில் தங்கள் மொழியை எழுதிக்கொண்டார்கள். ரோமன் எழுத்து பாதிரிகள் கொண்டுவந்தது, உண்மை. 1640இல் சால்செட்டில் உள்ள ராஷோலில் கொங்கணிக்கு இலக்கணமே அச்சானது. தமிழுக்குக்கூட அச்செழுத்து 1577இல் கோவாவில் வார்க்கப்பட்டது. மறு வருடம்தான் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் அச்சேறியது. ஆனால் 1684இல் அதே போர்ச்சுகீசிய அரசு கொங்கணியை ஒழிக்கச் சொல்லி ஆணை போட்டது. அதற்குப் பிறகு படித்த கத்தோலிக்கர் போர்ச்சுகீசியம் பேசினார்கள், படித்த இந்துக்கள் மராத்தியில் எழுதினார்கள். கொங்கணி வேலைக்காரர்களின் பேச்சு என்று அடுக்களைக்குப் போனது.

அதை அடுக்களையிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்கள் யார்? வேலைக்காரர்களேதான். ஊரைவிட்டுப் போன சமையல்காரர்கள், தையல்காரர்கள், பேண்டு வாசிப்பவர்கள், தார்வொட்டிகள். கொங்கணியின் முதல் பத்திரிகை 1889இல் புனேயில் வந்தது. முதல் தியாத்ர், 'இத்தாலியன் புர்கோ', 1892 ஏப்ரல் 17 அன்று பம்பாயில் மேடையேறியது. இரண்டும் கோவாவுக்கு வெளியே! இந்துக்களில் கொங்கணிக்காக வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஷெணை கோயம்பாப் எழுதியதும் பம்பாயில் உட்கார்ந்துதான். பத்திரிகைக்குச் சந்தா கட்டியது, நாடகத்துக்கு டிக்கெட் வாங்கியது எல்லாம் கூட்டில் பாயில் படுத்தவர்கள்.

1967இல் கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டாம் என்றது 34,021 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்தப் பிரச்சாரத்தில் பாட்டும் ரோமன் எழுத்துப் பத்திரிகையும் ஊர் ஊராகப் போயின. பிறகு ஆட்சிமொழிக்கான போராட்டம், அதில் உயிர்களும் போயின. கடைசியில் 1987இல் சட்டம் வந்தது. சட்டத்தில் கொங்கணி என்றால் தேவநாகரியில் எழுதும் கொங்கணி என்று எழுதிவைத்தார்கள்.

அதாவது அந்தக் கிழவரின் பெட்டியில் இருந்தது சட்டப்படி கொங்கணி இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக எனக்கு இது ஆறவில்லை. தேவநாகரிக்கு நான் எதிரி இல்லை. எல்லாக் கொங்கணிகளையும் ஒரே எழுத்து இணைக்கும் என்று அதற்காகப் பேசுகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அம்மாவின் சாவு எந்த எழுத்தில் ஒருவனுக்கு வந்து சேர்ந்ததோ, அந்த எழுத்தை அந்நிய எழுத்து என்று சொல்ல யாருக்கு உரிமை? கொங்கணியை ஒழிக்க வந்தவனின் எழுத்தைப் பிடுங்கி அதிலேயே கொங்கணியைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். நீங்கள் தெரியாமல் சொன்னீர்கள். தெரிந்தவர்களே சொல்கிறார்கள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம், உங்கள்மேல் கொட்டிவிட்டேன்.

கிழவர் என்னை ஒரு தியாத்ருக்குக் கூட்டிப்போனார். ஏதோ ஒரு பள்ளிக்கூட அரங்கு. திரை விழும், கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஒருவர் வந்து பாடுவார். அரசாங்கத்தைத் திட்டும் பாட்டு, மாமியார் பாட்டு, கப்பலுக்குப் போனவன் பாட்டு. மறுபடி திரை தூக்கிக் கதை தொடரும். அந்தக் கப்பல் பாட்டுக்கு எனக்கு முன் வரிசையில் இருந்த ஆள் எழுந்து நின்று ஒன்ஸ்மோர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாடகர் மூன்று முறை பாடினார். நீங்கள் போயிருந்தால் உங்களுக்கும் இதுதான் கிடைத்திருக்கும், முருகேசன். வளைகுடாவில் வேலை செய்கிறவனைப் பற்றி அந்த மேடையில் பாட்டு இல்லாமல் இருக்காது.

அந்தப் புத்தகத்தை எடுங்கள். ஆங்கில எழுத்து உங்களுக்குத் தெரியும், போதும். எக்ஸ் வரும் இடத்தில் 'ஷ' என்று சொல்லுங்கள். சொல் 'எம்' எழுத்தில் முடிந்தால் உதட்டை மூடாமல் மூக்கால் முடியுங்கள். முதல் பாட்டை இரண்டு மூன்று தடவை உரக்க வாசித்துப் பழகிக்கொண்டு லிஸ்பனுக்கு போன் போடுங்கள். ஹலோகூடச் சொல்ல வேண்டாம், நேராக முதல் வரியை வாசியுங்கள். அடுத்த வரியை அவர் சொல்வார்.

அன்புடன்.