கழல மறுக்கும் ஆயில் ஃபில்டர்

கேள்வி: என் மைவி காருக்கு இந்த முறை நானே கறுப்பு எண்ணெய் (எஞ்சின் ஆயில்) மாற்றலாம் என்று எண்ணெயும் புது ஃபில்டரும் வாங்கிவிட்டேன். பழைய ஃபில்டர் அசைய மாட்டேன் என்கிறது. பெல்ட் ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். வழுக்கி, தகரம் ஒரு பக்கம் நசுங்கியதுதான் மிச்சம். ஸ்க்ரூடிரைவரை அடித்து ஓட்டை போட்டுத் திருப்பச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்யலாமா? இப்படி இறுக்கிவிட்ட பட்டறையிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? எண்ணெயை இன்னும் இறக்கவில்லை.
– வாசகர், செந்தூல்

பதில்: எண்ணெயை இறக்காமல் விட்டீர்களே, நல்லதாகப் போயிற்று. கார் இன்னும் ஓடும். எதுவும் முடியாவிட்டால் நீங்களே பட்டறைக்கு ஓட்டிப் போய்விடலாம். ஓட்டை போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். எஞ்சினை முடுக்கினால் எண்ணெய் அந்த ஓட்டை வழியாகத்தான் கொட்டும்.

அண்ணன் சொல்லும் வழியை நானும் ஒருமுறை செய்தேன். ஃபில்டரின் உடம்பு மெல்லிய தகரம். மரை இருக்கும் அடித்தட்டுதான் கனமானது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பத் திருப்ப, சார்டின் டின் மாதிரி தகரம் கிழிந்து சுற்றியது. அடித்தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. முழங்கை வரை எண்ணெய் வழிய, இழுவை லாரியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், வேண்டாம்.

முதலில் நீங்கள் திருப்பும் திசை சரியா என்று பாருங்கள். ஃபில்டரின் மூடிய முனையை நேராகப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். கைக்கு எட்டாத மூலையில் தலைகீழாக நுழைந்து வேலை செய்யும்போது திசை மாறி, மேலும் இறுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். அடுத்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பில் ரப்பர் வளையம் இளகும். புகைக்குழாய் சுடும், அது ஆறும்வரை கை வைக்காதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பி காருக்கடியில் படுக்கவும் வேண்டாம்.

பெல்ட் வழுக்கியதற்கு எண்ணெய்ப் பிசுக்குதான் காரணமாக இருக்கும். பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளின் சொரசொரப்பு ஃபில்டரைப் பார்க்கும்படி சுற்றி, அதன்மேல் பெல்ட்டைப் போட்டுப் பாருங்கள். நசுங்காத அடிப்பக்கமாகப் பிடித்தால் பிடி நிற்கும். அதற்கும் மசியவில்லை என்றால், தொப்பி போல் ஃபில்டரின் தலையில் கவிழும் ஸ்பேனரை வாங்குங்கள். இனி நீங்களே மாற்றப் போகிறீர்கள் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் இதுதான். 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்ற அட்டையை நம்பாமல், புது ஃபில்டரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பாருங்கள். விட்டமும் முனையைச் சுற்றியுள்ள பட்டைகளின் எண்ணிக்கையும் ஒத்துப் போக வேண்டும், ஆடினால் வழுக்கும். முனையும் நசுங்கியிருந்தால் மூன்று நகம் உள்ளதைக் கேளுங்கள். திருப்பத் திருப்ப அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

கழன்றதும் பழைய ஃபில்டரின் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவித் தேடி எடுங்கள். அதன்மேலேயே புதியதை மாட்டினால் எண்ணெய் பீய்ச்சியடித்து, எஞ்சினே போய்விடும். புது வளையத்தில் புது எண்ணெய் தடவி, அது எஞ்சினைத் தொட்டவுடன் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

பட்டறை விஷயம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். ஆனால் ஃபில்டர் இறுகியது மட்டும் வழக்குக்குப் போதாது என்பது என் கருத்து. வளையத்தில் எண்ணெய் தடவாமல் மாட்டினாலும், எஞ்சின் சூட்டில் ரப்பர் வெந்து ஒட்டினாலும் இதே கதைதான். இறுக்கியதால்தான் என்று எப்படிக் காட்டுவீர்கள்? கழற்றும்போது எஞ்சின் பக்கத்து மரை தேய்ந்தோ பிய்ந்தோ இருந்தால் கதை வேறு. அப்போது வேலையை அங்கேயே நிறுத்திப் படம் எடுங்கள். பழைய ஃபில்டரையும் சர்வீஸ் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்கி, முதலில் அந்தப் பட்டறையிடமே கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை.